தோழியின் திறனும் மக்கள் தொடர்புத் தொழிலும்

அண்மையில் மலாக்கா நகரில் நடந்த கல்வி வழிகாட்டிக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். பேச வந்தவர் நல்ல நாவன்மை உடையவர். எந்தப் படிப்புக்கு எந்தத் தொழில் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்து வந்தவர், மக்கள் தொடர்புத் தொழிலுக்கு வந்தபோது, "இத்துறையில் பெண்களே மிகுதி; அதில் வியப்பு ஒன்றும் இல்லை; இனிக்கப் பேசுவது பெண்ணுக்குப் பிறவிக் குணம் அல்லவா?" என்றார். அவை கைதட்டியது. பெண்பிள்ளைகளும் மகிழ்ந்து தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கைதட்டல் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே வந்தது.

அவர் கூற்றில் இரண்டு பகுதிகள் உள்ளன. பெண்கள் மிகுதி என்பது ஒன்று. அதற்குக் காரணம் பிறவிக் குணம் என்பது மற்றொன்று. முன்னது கண்ணால் காணும் செய்தி. பின்னது அச்செய்திக்குக் கற்பித்த காரணம். செய்தி மெய்யாயிருப்பதால் காரணமும் மெய்யாகிவிடாது. இவ்விரண்டையும் பிரித்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ட செய்தி

மக்கள் தொடர்பு என்பது ஒரு நிறுவனத்துக்கும் அதன்மேல் நம்பிக்கை வைக்க வேண்டிய மக்களுக்கும் இடையே நின்று பேசும் பணி. விளம்பரம் வேறு, இது வேறு. விளம்பரம் இடத்தைக் காசு கொடுத்து வாங்கிப் பேசுகிறது. மக்கள் தொடர்போ நம்பிக்கையை ஈட்டிப் பேச வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் சொல்லை மக்களுக்கும், மக்களின் மனக்குறையை நிறுவனத்துக்கும் கொண்டு செல்வதே இதன் இலக்கணம்.

நம் நாட்டில் இத்தொழிலுக்கென ஒரு கழகம் 1962இல் அமைந்தது. மாரா தொழில்நுட்பக் கழகத்தில் 1972இல் தொடர்பியல் பள்ளி தொடங்கியது. பிற பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பு வளர்ந்தது. மலாக்கா நகரம் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. இன்று நகரின் விடுதிகளிலோ தனியார் மருத்துவமனைகளிலோ நுழைந்து, செய்தியாளரை வரவேற்பவர் யார், அறிக்கை எழுதுபவர் யார், முறையீட்டுக்கு மறுமொழி சொல்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் பெண்களையே காண்கிறோம். அவர்களுள் தோட்டத்து வீட்டில் பிறந்த தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை.

இது மலாக்காவுக்கு மட்டும் உரிய நிலை அன்று. அமெரிக்காவில் 1980களிலேயே இத்தொழிலில் பெண்கள் பாதியைக் கடந்துவிட்டனர். இன்று உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்களே என்று இத்துறைப் பெண்களின் அமைப்புகள் எடுத்த கணக்குகள் கூறுகின்றன. ஆகவே செய்தி மெய். இனிக் காரணத்தைப் பார்ப்போம்.

மலாக்கா சொல்லும் சான்று

இடைநின்று பேசுதல் பெண்ணின் பிறவிக் குணம் என்றால், அப்பணி எக்காலத்தும் பெண்ணிடமே இருந்திருக்க வேண்டும் அல்லவா? நம் ஊர் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

பதினைந்தாம் நூற்றாண்டில், சுல்தான்களின் மலாக்காத் துறைமுகத்தில் ஷாபந்தர் என்னும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குசராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்கம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒருவர், சாவக வணிகர் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனர் முதலியோருக்கு ஒருவர். வந்த வணிகரை வரவேற்று, அவர்கள் மொழியில் பேசி, பெண்டகாராவின் முன் கொண்டு நிறுத்தி, பண்டகசாலைக்கு இடம் ஒதுக்கி, வழக்கு நேர்ந்தால் தீர்த்துவைப்பது அவர்கள் பணி. இன்றைய மக்கள் தொடர்புக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டன் யார்? அப்பதவியில் அமர்ந்தவர்கள் ஆண்கள். இனிய நா பெண்ணுக்கே உரியது என்று அன்று யாரும் அந்த நாற்காலியை ஒரு பெண்ணுக்குக் கொடுக்கவில்லை.

அதைவிட அண்மைக் காலத்துக்கு வருவோம். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் நட்டார். மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். பின்னர் எழுந்த தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளருக்கும் இடையே நின்று பேசியவர்கள் யார்? கங்காணியும் கிராணியும். துரையின் கட்டளையைத் தமிழில் சொன்னவர்கள் அவர்கள். லயத்தின் குறையை ஆபீசுக்குக் கொண்டுபோனவர்களும், சில வேளை கொண்டுபோகாமல் விழுங்கியவர்களும் அவர்களே. கங்காணி என்றால் ஆண், கிராணி என்றால் ஆண் என்பதே தோட்டத்து வழக்கு. பெண்கள் விடியலில் பெரட்டுக்கு நின்றார்கள், மரம் வெட்டினார்கள், பால் வாளி சுமந்தார்கள். இடைநின்று பேசும் வேலை மட்டும் அவர்களுக்கு வரவில்லை.

இதிலிருந்து தெரிவது என்ன? இடைநின்று பேசுவதோடு அதிகாரமும் வருவாயும் சேர்ந்திருந்த காலத்தில் அது ஆணின் தொழிலாக இருந்தது. அதிகாரம் வேறொரு அறைக்குப் போய், பேச்சு மட்டும் முன்னறையில் தங்கிய காலத்தில் அது பெண்ணின் குணமாகிவிட்டது. குணம் மாறவில்லை, தொழிலின் நிலையே மாறியிருக்கிறது.

இலக்கியம் சொல்லும் சான்று

"அப்படியானால் நம் இலக்கியத்தில் தோழி இல்லையா? இடைநின்று பேசும் பெண்ணை நம் முன்னோரே படைத்தார்களே" என்று தமிழன்பர் கேட்கலாம். நல்ல கேள்வி. தொல்காப்பியர் கற்பியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே வாயிலாக நிற்போர் பன்னிருவரைக் கூறுகிறார். அவர்களுள் தோழி, தாய், பாடினி, விறலி ஆகிய நால்வகையினர் பெண்கள். வரிசையில் முதலிடம் தோழிக்கு. ஆயினும் அவளுக்கு அந்த இடத்தைத் தந்தது இனிய குரல்தானா?

அகப்பாட்டுகளில் தோழி செய்யும் பணிகளை எண்ணிப் பாருங்கள். தலைவனின் அன்பு மெய்யானதா என்று சோதிக்க அவனைத் தொலைவில் நிறுத்துகிறாள். இதற்குச் சேட்படை என்று பெயர். களவை நீட்டிக்க விரும்பும் அவனிடம், மணம் செய்துகொள் என்று வற்புறுத்துகிறாள். இது வரைவு கடாதல். பரத்தையிடமிருந்து திரும்பும் அவன் வாயிலில் நிற்கும்போது, உள்ளே விட முடியாது என்று மறுக்கிறாள். இது வாயில் மறுத்தல். தலைவியின் காதலைக் குடும்பம் அறியாமல் தவிக்கும்போது, உண்மையை வெளிப்படுத்துகிறாள். இது அறத்தொடு நிற்றல். இந்நான்கில் இனிக்கப் பேசுதல் எது? நான்கும் துணிந்து பேசுதல். நான்கிலும் எதிரே நிற்பவர் அவளைவிட உயர்நிலையில் இருப்பவர்.

குறுந்தொகையின் 23ஆம் பாட்டு ஔவையார் பாடியது. மகள் மெலிந்தது ஏன் என்று அறியத் தாயர் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறார்கள். அவள் பாடிக்கொண்டே வரும்போது ஒரு மலையைச் சொல்லிவிடுகிறாள். உடனே தோழி, அவருடைய மலையைப் பாடிய அந்தப் பாட்டை இன்னும் பாடு என்று கேட்கிறாள். அவ்வளவுதான். "அவர்" என்று ஒருவர் இருக்கிறார் என்பது தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை, அவையறிந்து, வேளை அறிந்து, ஒரே வேண்டுகோளில் உண்மையை நடுவீட்டில் வைத்துவிட்டாள். இது பிறவியில் வருவது என்று சொல்பவர், மொழிப்பயிற்சி என்றால் என்னவென்று அறியாதவர்.

அதே ஔவையாரைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் வேறொரு கோலத்தில் காண்கிறோம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் செல்கிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் அதைப் பாராட்டுகிறார்: இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன, எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பாராட்டைப் போலவே தொடங்கிய சொல், முடிவில் எச்சரிக்கையாகிவிடுகிறது. போர் செய்தறியாதவன் நீ, போரில் பழகியவன் அவன் என்பதைத் தொண்டைமானின் வீட்டிலேயே நின்று, அவன் சினம் கொள்ள இடமில்லாதபடி சொல்லிவிட்டார்.

திருக்குறளில் தூது என்னும் அதிகாரம், தூதுரைப்பவருக்கு அன்பும் அறிவும் ஆராய்ந்து பேசும் திறனும் இன்றியமையாதவை என்கிறது. அழகிய முகத்தோடு ஆராய்ந்த கல்வியும் வேண்டும் என்று சொல்லும் அவ்வதிகாரத்தில்கூட இனிய சொல் தனியே நின்று தூதாகிவிடுவதில்லை. கேட்பவர் அஞ்சத்தக்கவராயினும் சொல்லத் தளராத உறுதியையும் அது வேண்டுகிறது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறர் காதலுக்காக இத்தனை பேசும் தோழியின் சொந்த வாழ்வைப் பற்றி அகப்பாட்டுகள் பேசுவதில்லை. அவளுக்கு ஒரு காதல் உண்டா, ஒரு கவலை உண்டா என்று கேட்பார் இல்லை. இடைநிற்பவரின் திறனை எடுத்துக்கொண்டு, இடைநிற்பவரை மறந்துவிடும் வழக்கம் நம்மிடமும் பழையதே. ஆகையால் பழம்பெருமையைச் சொல்லி இன்றைய குறையை மூட முடியாது.

பாராட்டும் விலையும்

இனி, அந்தப் பேச்சாளரின் பாராட்டு ஏன் உறுத்தியது என்பதைச் சொல்கிறேன். பெண்ணின் திறனைப் பிறவிக் குணம் என்று புகழ்ந்த இடங்களிலெல்லாம் அதன் விலை குறைந்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆட்சியினர் வகுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் ஒன்றுதான், கத்தி ஒன்றுதான், பெரட்டு நேரமும் ஒன்றுதான். 10 காசு வேறுபாட்டுக்குக் காரணம், பெண் பெண்ணாய்ப் பிறந்தது.

1970களில் மலாக்காவின் பத்து பெரண்டாம் பகுதியில் வெளிநாட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்துப் பெண்களும் வேலைக்குப் போனார்கள். அக்காலத்தில் வெளிநாட்டு முதலீட்டை அழைக்க மலேசியத் தரப்பில் வெளியிட்ட குறிப்பொன்று, கீழைநாட்டுப் பெண்ணின் கை சிறியது, விரைவானது, கவனமானது என்று புகழ்ந்தது. புகழ்ச்சிதான். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது? கூலி கொடுக்கப் போகிறவருக்கு. கை பிறவியிலேயே விரைவானது என்றால், அந்த விரைவுக்குத் தனியே ஊதியம் கேட்க முடியாது. தையலிலும் கோலத்திலும் களையெடுப்பிலும் ஆண்டுக்கணக்கில் பழகிய கை என்றால் அது பயிற்சி. பயிற்சிக்கு விலை உண்டு.

அன்று கையைப் புகழ்ந்தார்கள். இன்று நாவைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியின் வேலை மட்டும் மாறவில்லை. 1986இல் அனைத்துலக வணிகத் தொடர்பாளர் சங்கத்தின் அறநிலையம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்திய ஆய்வு, பெண்கள் பெருகிய இத்தொழிலைப் பட்டு விரித்த ஒதுக்கிடம் என்று பொருள்படும் பெயரால் குறித்தது. பெண்கள் எழுதவும் ஒருங்கமைக்கவும் அமர்த்தப்பட்டனர். முடிவு எடுக்கும் இடங்கள் ஆண்களிடம் தங்கின. பெண்கள் பெருகப் பெருகத் தொழிலின் ஊதியமும் மதிப்பும் சரியுமோ என்னும் அச்சம் எழுந்தது. இன்றும் உலக அளவில் இத்தொழிலின் ஆட்சிக் குழுக்களில் ஆண்களின் கையே ஓங்கியிருக்கிறது.

இத்தொழிலின் தொடக்க வரலாறே இதற்கு முன்மாதிரி. எட்வர்டு பெர்னேசை மக்கள் தொடர்பின் தந்தை என்பர். அவர் நியூயார்க்கில் 1919இல் தொடங்கிய அலுவலகத்தில் அறிக்கைகளை எழுதியவர் டோரிஸ் பிளைஷ்மன். 1922இல் இருவரும் மணந்துகொண்டனர். தொழிலிலும் சரிபங்காளிகள் ஆயினர். ஆயினும் வாடிக்கையாளரைச் சந்திக்கும் கூட்டங்களில் அவர் பெரும்பாலும் அமர்வதில்லை. ஒரு கருத்து பெண்ணின் கருத்து என்று தெரிந்தால் அதன் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவர் அறிந்திருந்தார். 1928இல் பெண்களுக்கான தொழில்கள் பற்றி ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டவரும் அவரே. பிற பெண்களுக்கு வழிகாட்டிய அவருடைய வழியே கூட்ட அறைக் கதவில் முடிந்துவிட்டது.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இன்று ஒரு நிறுவனத்தில் இத்தொழிலில் இருக்கிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, வேலை எப்படி அம்மா என்று கேட்டேன். "முடிவெல்லாம் எடுத்த பிறகுதான் ஐயா என்னைக் கூப்பிடுவாங்க. 'இதை இனிப்பாச் சொல்லிடு'ன்னு சொல்லுவாங்க. அது தப்பான முடிவுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் அதைச் சொல்ற இடத்தில இல்லே" என்றாள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் தடையின்றி எழுதக் கற்றவள் அவள். அந்த மும்மொழித் திறன் தாய் வயிற்றிலிருந்து வந்ததன்று. லயத்து வீட்டின் முன்கட்டில் அமர்ந்து அவள் படித்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவள் சொன்னதையும் தோழியையும் சேர்த்துப் பார்த்தால் குறை எங்கே என்று விளங்கும். தோழிக்கு இரண்டு உரிமைகள் இருந்தன. வீட்டாருக்கு உண்மையைச் சொல்லும் உரிமை ஒன்று. தகாதவருக்குக் கதவைத் திறக்க மறுக்கும் உரிமை மற்றொன்று. அறத்தொடு நிற்றலும் வாயில் மறுத்தலும் இல்லாத தோழி தோழியாக மாட்டாள். இன்றைய நிறுவனங்கள் தோழியின் குரலை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இவ்விரு உரிமைகளையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டன. இதனால் நட்டம் அப்பெண்ணுக்கு மட்டும் அன்று. பொய்யை இனிப்பாகக் கேட்கும் பொதுமக்களுக்கும் நட்டம்; உண்மையை உரிய வேளையில் கேளாத நிறுவனத்துக்கும் நட்டம்.

நாம் செய்யத்தக்கது

சிலர் மறுப்புக் கூறலாம். "வெயிலில் மரம் வெட்டிய பாட்டியின் பேத்தி குளிர்சாதன அறையில் அமர்ந்து வேலை செய்கிறாள். அதற்கு மகிழாமல் குறை தேடுகிறீரே" என்பர். மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இத்தொழிலுக்குப் போக வேண்டும் என்றே சொல்கிறேன். போகும்போது தம் திறனுக்கு என்ன பெயர் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே என் கருத்து. குணம் என்று நம்பிப் போகிறவள் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். கல்வி என்று அறிந்து போகிறவள் உரியதைக் கேட்பாள்.

கேட்டுப் பெற்ற முன்மாதிரி நம் ஆசிரியர் தொழிலிலேயே உண்டு. ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ராசம்மா பூபாலன், 1960இல் மலாயாவில் பெண் ஆசிரியர் சங்கத்தை உருவாக்கிச் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டார். பெண்ணுக்குக் கற்பித்தல் இயல்பாக வரும் என்று அன்றும் புகழ்ந்தார்கள். ஊதியத்தை மட்டும் குறைத்தே கொடுத்தார்கள். 1960களின் இறுதியில் அரசுப் பணியில் சம ஊதியம் வந்தது. புகழுரையால் வந்ததன்று, கேட்டதால் வந்தது. இன்று சட்டமும் விதிகளும் சிறிது துணை நிற்கின்றன. 2023 ஜூன் முதல் மலேசியப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் அனைத்தும் தம் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணையாவது வைத்திருக்க வேண்டும். ஒரு நாற்காலி போதாது என்பது உண்மை. ஆயினும் கூட்ட அறையின் கதவு சற்றுத் திறந்திருக்கிறது.

எஞ்சியது பள்ளியின் வேலை. இங்கே பிறரைக் குறை கூறிய நான் என்னையும் சொல்லிக்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் வாயிலில் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்தி நிற்பவர்கள் யார்? பெண்பிள்ளைகள். மேடையில் ஆண்டறிக்கை வாசிப்பவன் யார்? ஆண்பிள்ளை. பல ஆண்டுகளாக அப்படித்தான் நடத்தி வந்தேன். பட்டியல் எழுதியதும் நானே. அந்தப் பேச்சாளர் கூறிய பிறவிக் குணத்தை எட்டு வயதிலேயே செம்போடு சேர்த்துக் கையில் கொடுத்தவர்கள் நாம். பிறகு அது பிறவியிலேயே வந்தது என்று சொல்லிக் கைதட்டுகிறோம்.

இவ்வாண்டு பட்டியலை மாற்றி எழுதினேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆண்டறிக்கையைத் தயாரித்தாள். நூலகத்துக் கூரை ஒழுகுவதை விட்டுவிடலாமா, விருந்தினர் முன் வேண்டாமே என்று ஆசிரியர் ஒருவர் கேட்டதற்கு, "ஒழுகுதே ஐயா" என்றாள். விட்டுவிடாமல் வாசித்தாள். வாயிலில் பன்னீர் தெளித்த பையன் சிலர் சட்டையை நனைத்துவிட்டான். அடுத்த ஆண்டுக்குள் பழகிக்கொள்வான். கூரையைப் பார்க்க மறுவாரமே பெற்றோர் சங்கத்தார் ஏணியோடு வந்தார்கள்.